பாடுன்னா பாட்டா?

எண்ணூர் குப்பத்துல, 'இன்னைக்குப் பாடு எப்படிண்ணே?'ன்னு கேட்டுப் பாருங்க. வலையில் விழுந்த மீன் கணக்கைச் சொல்வார். மெஷினிடம் கேட்டால்? பாட்டுன்னு நினைச்சாலும் நினைக்கும்!

சிரிக்காதீங்க. 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததை பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்ததே... அங்கே எல்லாம் இங்கிலீஷ். அப்படியொரு வழக்கில் மீனவர் சொன்னதை மெஷின் தப்பா மொழிபெயர்த்தால், நஷ்டஈடு கோவிந்தா!

தீர்ப்புகளை மொழிபெயர்க்க உச்ச நீதிமன்றம் 2019-லேயே 'சுவாஸ்' மென்பொருளைக் கொண்டுவந்தாச்சு. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்குக் கடிவாளம் போட்டது. தீர்ப்பு சொல்ல ஏஐ கூடாது. மொழிபெயர்ப்பை மனுஷன் சரிபார்க்கணும். நல்ல விஷயம். ஆனா அது கொள்கைதான், சட்டமில்லை.

சட்டம்னு ஒண்ணு எழுதும்போது, லா காலேஜ் மக்களே, இதையும் கேளுங்க: சரிபார்க்கிறவருக்குக் குப்பத்துத் தமிழ் தெரியுமா?