கோடு போட்டா மட்டும் போதுமா?

டிஸ்கி: கேம் ஆடாதவங்களும் படிக்கலாம். மனைக்கு வேலி போட்ட அனுபவம் இருந்தா போதும் :-)

வடபழனியில எங்க தெருமுனை பிரவுசிங் சென்டர்ல கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடின காலத்துலதான் இந்த விஷயம் முதல்ல என் மண்டையில ஏறிச்சு. ரவுண்டு ஆரம்பிச்சதும் துப்பாக்கி வாங்கணும். ஆனா நினைச்ச இடத்துல நின்னு வாங்க முடியாது. நம்ம ஆளுங்க கிளம்புற இடத்துல ஒரு எல்லை இருக்கும். அதுக்குள்ள நின்னா திரையில சின்னதா தள்ளுவண்டி படம் தெரியும், வெளியே கால் வெச்சா மறைஞ்சிடும். தரையில கோடு எதுவும் இருக்காது. மேப் வரைஞ்சவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை அங்க வெச்சு, 'இது வாங்குற இடம்'னு எழுதிட்டுப் போயிருக்கார். பாம் வைக்கிற இடமும் அதே கதைதான்.

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னு கேக்குறீங்களா? வர்றேன்.

அக்கா பசங்களும் அவங்க கூட்டாளிகளும் ஆட, வீட்ல இருந்த பழைய கம்ப்யூட்டர்ல ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் போட்டுக் கொடுத்தேன். அட்மின் யாரு? அடியேன்தான். அந்த சர்வர்ல இயல்பாவே ஒரு பாதுகாப்பு உண்டு: எல்லாரும் வந்து இறங்குற இடத்தைச் சுத்தி 16 கட்டம். அதாவது 33க்கு 33 சதுரம். அதுக்குள்ள ஆபரேட்டர் தவிர யாரும் எதையும் உடைக்க முடியாது. (ஆபரேட்டர்னு யாரையுமே போடலைன்னா இது வேலையே செய்யாது, தெரிஞ்சு வெச்சுக்குங்க.) மத்த இடத்துக்கு வேர்ல்ட்கார்ட்னு ஒரு பிளகின். மரக் கோடாலியால ஒரு மூலையில இடது கிளிக், எதிர் மூலையில வலது கிளிக், அப்புறம் ஒரு பேரு. முடிஞ்சுது பட்டா!

அக்கா பொண்ணு மூணு வாரமா உக்காந்து, நம்ம முருகன் கோவில் கோபுரம் மாதிரியே ஒண்ணு கட்டினா. நானும் பெருமையா ரெண்டு மூலையைத் தட்டி அதுக்கு எல்லை போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் காலையில பார்த்தா அடித்தளம் மட்டும் இருக்கு, மேல மொத்தமும் காலி. கூட ஆடுற ஒரு பையன் கல்லையெல்லாம் எடுத்து தன் வீட்டுக்கு மாடி கட்டிட்டான். "ஹேக் பண்ணினியா?"ன்னு கேட்டேன். "இல்ல மாமா, உடைக்க விட்டுச்சு"ன்னான். நான் நம்பலை. ஒரு வாரத்துக்கு அவனைத் தடை பண்ணிட்டேன்.

மூணு நாள் கழிச்சு அந்த எல்லையோட விவரத்தை எடுத்துப் பார்த்தா... கீழ் உயரம் 64, மேல் உயரம் 64. தூக்கிவாரிப் போட்டுது. ரெண்டு மூலையையும் தரையிலயே தட்டினதால ஒரே ஒரு கட்டம் உயரத்துக்குத்தான் காவல் இருந்திருக்கு. எக்ஸ்பாண்ட் வெர்ட்னு ஒரு கட்டளை கொடுத்து, பாதாளத்துலேர்ந்து வானம் வரைக்கும் நீட்டியிருக்கணும். நான் மறந்துட்டேன். பழி அவன் தலையில.

நம்ம வடபழனி சிக்னலையே எடுத்துக்குங்களேன். கீழே நூறடி ரோடு, அதுக்கு மேல மேம்பாலம், அதுக்கும் மேல மெட்ரோ. தாள்ல வரைஞ்சா எல்லாம் ஒரே கோடு. 'இங்கே நிக்கக்கூடாது'ன்னு அந்தக் கோட்டுல எழுதினா அது யாருக்கு, பஸ்ஸுக்கா ரயிலுக்கா? ஒரு தடவை சரியா போட்டதே பின்னாடி போதாம போகலாம். 2021 கடைசியில மைன்கிராஃப்ட் 1.18 வந்தப்ப, புது உலகத்துல பூமிக்கடியில 64 கட்டமும் வானத்துல 64 கட்டமும் கூடிச்சு. பூஜ்யத்துலேர்ந்து போட்டு வெச்ச பழைய எல்லைகளுக்குக் கீழே யாரு வேணா தோண்டலாம்!

"எல்லையே எதுக்கு, பசங்களுக்கு நாகரிகம் சொல்லிக் கொடு"ன்னு நண்பர் ஒருத்தர் சொன்னார். அஞ்சு பேர் ஆடுற வரைக்கும் அது சரி. ஆறாவதா முகம் தெரியாத ஒருத்தர் வந்தா? அதுக்காக மேப் முழுக்கக் காவல் போட்டா அது விளையாட்டா, அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டா?

என் கட்சி இதுதான். இறங்குற இடத்துக்கும், ஒருத்தர் உழைச்சுக் கட்டினதுக்கும் மட்டும் காவல், மத்ததெல்லாம் காடா கிடக்கட்டும். எல்லைக்குள்ள நுழைஞ்சதும் 'இது இன்னார் இடம்'னு ஒரு வரி திரையில வரணும். வேர்ல்ட்கார்ட்ல அதுக்குன்னே ஒரு கொடி இருக்கு, அந்தக் காலத்துத் தள்ளுவண்டி மாதிரி. ஊருக்குள்ள சண்டை கூடாது, ஆனா ஊர் நடுவுல ஒரு சண்டைக் களம் வேணுமா? களத்துக்கு முன்னுரிமை எண்ணைக் கூட்டிப் போட்டா போச்சு. எல்லாத்துக்கும் மேல, ஏதாவது உடைஞ்சா ஆளைப் பிடிக்கறதுக்கு முன்னாடி அட்மின் தன் கோட்டைப் போய்ப் பார்க்கணும். சர்வர்ல கோடு போடுற அதிகாரம் அவர் ஒருத்தருக்குத்தானே இருக்கு?

தடையை எடுத்துட்டு அந்தப் பையனுக்கு போன் போட்டு மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல மாமா"ன்னான். கோபுரத்தை இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து கட்டறாங்க. ஆனா எடுத்தது அவன்தான், அதையும் அவன்கிட்ட சொல்லாம விடலை.

உங்க சர்வர்ல எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க. முதல்ல போய் மேல் உயரத்தை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க :-)