செவிலியர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

தொற்றாநோய்ப் பரிசோதனைக்காகத் துணை சுகாதார நிலையங்கள் மூலம் நிரப்பப்படும் படிவத்தில் மதுவைப் பற்றி இருப்பது ஒரே கேள்வி: "தினமும் மது அருந்துகிறீர்களா?" சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போய், ஞாயிறு முழுக்க எழ முடியாமல் கிடப்பவர் "இல்லை" என்றுதான் சொல்வார். அது பொய்யும் அல்ல. செவிலியரும் அப்படியே குறித்துக்கொண்டு ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்து அனுப்புவார். அந்த அழுத்தத்தை ஏற்றுவதே குடிதான் என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

இந்தப் படிவத்தைத் திருத்தியாக வேண்டும். குடிப்பழக்கத்தின் ஆபத்தைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' வினாத்தாளுக்கு மூன்றே கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் உண்டு. எத்தனை நாளுக்கு ஒரு முறை குடிக்கிறார், குடிக்கும் நாளில் எவ்வளவு, ஒரே வேளையில் ஆறு அளவோ அதற்கு மேலோ போவது எத்தனை முறை. நம்மூர்க் கணக்கில் 180 மில்லி குவார்ட்டர் ஒன்று ஏறக்குறைய அந்த ஆறு அளவு. எனவே குவார்ட்டர் கணக்கிலேயே கேட்கச் செவிலியருக்குப் பயிற்சி தர வேண்டும்.

கேட்டு என்ன பயன் என்பவர்களுக்குக் கோவா பதில் சொல்லியிருக்கிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த ஆண்களில் ஆபத்தாகக் குடிப்பவர்களை ஆடிட் மூலம் கண்டறிந்து, மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆலோசகர்கள் அவர்களுடன் சில அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 36 சதவீதத்தினர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். லான்செட் இதழில் வெளியான ஆய்வு இது. பயிற்சி பெற்ற செவிலியரால் இது முடியாதா?

செவிலியருக்கு வேலைப்பளு அதிகம் என்பது உண்மை. பதிவேட்டிலும் செயலியிலும் ஒரே விவரத்தை இரு முறை ஏற்றும் வேலையைக் குறைத்தால் நேரம் கிடைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் இடம். திண்ணையில் மாமியாரும் பக்கத்து வீட்டாரும் சூழ நிற்கையில் யார் உண்மை சொல்வார்? தனியாகக் கேட்க வேண்டும். பதில் காவல்துறைக்கோ ஊராருக்கோ போகக்கூடாது. அடிமையாகிவிட்டவரிடம் "நாளையே விட்டுவிடு" என்று சொல்லி அனுப்புவதும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அவரை எந்த மருத்துவமனைக்கு, எந்த நாளில் அனுப்புவது என்பது செவிலியர் கையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது என்று 2019-இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. மதுக்கடையை நடத்துவதும் அரசு, செவிலியரை அனுப்புவதும் அரசு. மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த மூன்று கேள்விகளுக்கான ஆணையை இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.