முதலில் கண்ணாடி மட்டும் வாங்குங்கள்

சுவா பெத்தோங், சிலியாவ், லிங்கி என்று போர்ட்டிக்சன் பக்கம் நம் தோட்டங்கள் நிறைய. கடல் அதிக தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுத் திரும்பிய தலைமுறை என்னுடையது. இடுப்பளவுக்குப் போனாலே கரையிலிருந்து அம்மாவின் கூச்சல் வந்துவிடும். பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. குளத்திலும் ஈயக்குட்டையிலும் பிள்ளையைப் பறிகொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்ட தோட்டத்து வீட்டிலிருந்துதான் என் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, ஸ்கூபா செட் ஒன்னு செகண்ட் ஹேண்டா வருது. சேர்த்து வெச்ச காசு இருக்கு, வாங்கிடவா?" பத்து நிமிடத்தில் அண்ணி அழைத்தார். "தம்பி, நீங்க சொன்னா கேப்பா. வேணாம்னு சொல்லிடுங்க."

செட் வேண்டாம், பயிற்சி வேண்டும் என்று இருவருக்கும் சொன்னேன். இருவருக்குமே பாதிதான் திருப்தி.

பழைய செட் ஏன் வேண்டாம்? தோம்பில் அடைத்திருக்கும் காற்றை நாம் மூச்சு விடும் அளவுக்குத் தணித்துக் கொடுப்பது ரெகுலேட்டர். கூஸ்தோவும் கானியனும் 1943இல் பிரான்சில் உருவாக்கிய அந்தக் கருவியால்தான் இந்த விளையாட்டே பிறந்தது. அதை முறையாகப் பராமரித்திருக்கிறார்களா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மிதவைச் சட்டை, தோம்பு, எடைப்பட்டை எல்லாவற்றையும் பயிற்சி தரும் இடத்திலேயே வாடகைக்குக் கொடுப்பார்கள். கட்டணத்திலேயே சேர்த்திருப்பதும் உண்டு. சொந்தமாக வாங்க வேண்டியது முகக்கண்ணாடி ஒன்றுதான். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்கான கண்ணாடி. நீச்சல் கண்ணாடி இதற்கு உதவாது. ஆழத்தில் அழுத்தம் கண்ணை இறுக்கும்போது மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றைக் கண்ணாடிக்குள் விட வேண்டும். மூக்கும் உள்ளே இருந்தால்தான் அது முடியும்.

இன்னொன்று. தோம்பில் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, நாம் இப்போது மூச்சு விடுகிற இதே காற்றுதான். 11 லிட்டர் தோம்பில் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்றை அழுத்தி அடைக்கிறார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. ஆழம் கூடக் கூடக் காற்று சீக்கிரம் தீரும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம் ஆட்கள் கல்லின் கனத்தில் இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கினார்கள். மூச்சை அடக்குவதுதான் அவர்கள் தொழில். ஸ்கூபாவில் முதல் பாடமே மூச்சை அடக்காதே என்பதுதான். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். அண்ணிக்கு நான் இதை மறைக்கவில்லை. ஆபத்து உண்டு, அதற்குத்தான் பயிற்சி என்றேன்.

முத்துக்குளிப்பில் மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். தங்கை தாலி அவன் கையில். ஸ்கூபாவிலும் துணையில்லாமல் இறங்கக்கூடாது. ஒருவர் காற்று தீர்ந்தால் மற்றவர் கொடுக்க வேண்டும்.

பேச்சை விற்றுப் பிழைக்கும் எனக்குத் தண்ணீருக்கடியில் பிடிபடாமல் இருந்தது கைஜாடை. நலமா என்று பயிற்றுநர் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கக்கூடாது. அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள்!

பயிற்சியில் புத்தகப் பாடம், குளத்துப் பயிற்சி, பிறகு கடலில் நான்கு முக்குளிப்பு. பாடி அமைப்பின் அடிப்படைச் சான்றிதழ் வாங்கினால் 18 மீட்டர் வரை இறங்கலாம். 10 வயதிலிருந்தே கற்கலாம். சின்னவர்களுக்கு ஆழம் குறைவு. 200 மீட்டர் நீந்த வேண்டும், நேரக் கணக்கில்லை. 10 நிமிடம் மிதக்க வேண்டும். உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, இருதயம், காது பற்றிக் கேட்பார்கள். பொய் எழுதாதீர்கள். ஆம் என்று எழுத வேண்டியிருந்தால் மருத்துவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

நம் பிள்ளைகள் பலர் தடுக்கி நிற்பது அந்த 200 மீட்டரில்தான். அண்ணன் மகள் இப்போது வாரம் இரண்டு நாள் சிரம்பானில் நீச்சல் பழகுகிறாள். உடை பற்றித்தான் அண்ணிக்குக் கவலையாக இருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் உடை இருக்கிறது என்று காட்டிய பிறகு, அவரும் கூடப் போய்க் குளத்தோரம் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் காலை மட்டும் நனைத்தாராம்.

போர்ட்டிக்சன் பக்கத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். மலாக்கா நீரிணையில் தண்ணீர் கலங்கல். புதிதாகக் கற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தியோமான் அல்லது பெர்ஹெந்தியான் போவது நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக்கரையில் பருவமழை, பல கடைகள் மூடிவிடும். அந்த நான்கு மாதத்தை நீச்சலுக்கு வைத்துக்கொண்டு, மார்ச்சுக்கு மேல் கிளம்புங்கள். விமானத்தில் திரும்புவதாக இருந்தால், கடைசி முக்குளிப்புக்குப் பிறகு 18 மணி நேரமாவது கழித்து டிக்கெட் போடுங்கள்.