வழக்கொழிந்த நிரல்கள்

வழக்கொழிந்த சொல்லுக்கும் அகராதியில் இடமுண்டு. இலக்கியம் பயில்வோர் அதை வரவேற்கவே செய்வோம். நிரல் அகராதி அன்று. அங்கே வழக்கொழிந்த வரியும் கட்டளையாகவே கிடக்கிறது. தவறி அழைத்தால் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நிகழ்ந்தது இதுவே. அது இணையச் செயலி அன்று, பங்கு வர்த்தக மென்பொருள். ஆயினும் நோய் ஒன்றே. 2003இல் பயன்பாட்டிலிருந்து நீங்கிய 'பவர் பெக்' என்னும் பகுதியை எவரும் அழிக்கவில்லை. முன்பு அதை இயக்கிய குறியையே புதிய நிரலுக்கும் எடுத்துக்கொண்டனர். எட்டு வழங்கிகளுள் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படவில்லை. அங்கே பழையது விழித்துக்கொண்டது. ஆணைகள் நிறைவேறியதைக் கணக்கிடும் பகுதி 2005லேயே வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால், எப்போது நிறுத்துவதென்று அதற்குத் தெரியவில்லை. 45 நிமிடங்கள்; இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல்.

இணையச் செயலிகளில் இத்தகைய மிச்சங்களைத் தேட இன்று கட்டளைவரிக் கருவிகள் உள்ளன. டச்சு மொழியில் 'வெட்டு' எனப் பொருள்படும் 'க்னிப்', ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்குரியது. தொடக்கக் கோப்புகளிலிருந்து புறப்பட்டு, எக்கோப்பு எதை இறக்குமதி செய்கிறது எனத் தொடர்ந்து சென்று, தன் கைக்கு எட்டாதவற்றைப் பட்டியலிடும். பைத்தானுக்குரிய 'வல்ச்சர்' (பிணந்தின்னிக் கழுகு, பெயர் வைத்தவர் ரசிகர்தான்) தன் ஐயத்தை மறைப்பதில்லை. ஒருபோதும் எட்ட முடியாத வரிக்கு 100 விழுக்காடு உறுதி தரும். அழைப்பாரில்லாத செயற்கூறுக்கு 60தான். பெயரை ஓடும்போதே கோத்து அழைக்கும் வழக்கமும், வார்ப்புருவிலிருந்து அழைக்கும் வழக்கமும் உண்டல்லவா!

மறுபுறமும் உண்டு. பவர் பெக் இக்கருவிகளுக்கு அகப்பட்டிருக்குமா என்பதே ஐயம். அதை அழைக்கும் வழி கடைசிவரை திறந்தே இருந்தது. 'யாரும் அழைப்பதில்லை' என்பது வேறு, 'யாருக்கும் தேவையில்லை' என்பது வேறு. முன்னதையே கருவி அறியும்.

"கிடக்கட்டுமே, என்றேனும் உதவும்" என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. பழைய வடிவங்களையெல்லாம் 'கிட்' காத்து வைத்திருக்கும்போது, அழிப்பதால் எதுவும் தொலைந்துவிடாது. தானே வெட்டித்தரும் வசதியும் க்னிப்பில் உண்டு. அதை முதல்நாளே இயக்குவதைத்தான் நாம் ஏற்கமாட்டோம். அந்நிரலோடு பழகிய ஒருவர் பட்டியலை முதலில் படித்துப் பார்க்கட்டும்.