எண்ணெய் இல்லாத ஊருக்கு எண்ணெய் வியாதி

எண்ணெயை மட்டும் நம்பியிருந்த நாடெல்லாம் வேற தொழில் தேடி அலையுது. சவுதி 2016ல் 'விஷன் 2030' அறிவிச்சதும் அதுக்குத்தான். நம்ம வடசென்னைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு மக்களே.

1969ஐ எடுத்துக்குங்க. துபாய் முதல் தடவையா கச்சா எண்ணெய் ஏற்றுமதி செஞ்ச வருஷம். நார்வே கடல்ல எகோஃபிஸ்க் எண்ணெய் வயலைக் கண்டுபிடிச்ச வருஷம். நம்ம மணலியில மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (இப்போ சிபிசிஎல்) ஓட ஆரம்பிச்சதும் அதே வருஷம்தான். அதுல மத்திய அரசோட அமெரிக்க அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டு.

அப்புறம் என்ன ஆச்சு? துபாய் எண்ணெய்க் காசைத் துறைமுகத்துல போட்டுச்சு. 1979ல் ஜெபல் அலி, 1985ல் அதை ஒட்டி வரியில்லா வர்த்தக மண்டலம். இன்னிக்கு அங்க எண்ணெய் வருமானம் சொற்பம். நார்வே 1990ல் சட்டம் போட்டு, 1996லேர்ந்து பேரன் பேத்திகளுக்காக உண்டியல்ல சேர்க்குது.

நம்ம கதை தலைகீழ். துபாய் பிற்பாடு தேடினது நம்மகிட்ட முன்னாடியே இருந்துச்சு! 1946ல் திருவொற்றியூர்ல பலூன் செய்யற கொட்டகையா ஆரம்பிச்சதுதான் எம்ஆர்எஃப். எண்ணூர்ல அசோக் லேலண்ட், 1950கள்ல திருவொற்றியூர்ல என்ஃபீல்ட் புல்லட். எல்லாத்துக்கும் முன்னாடியே மீன்பிடித் தொழில். இதுக்கு மேல ரிஃபைனரி, உரம், பெட்ரோகெமிக்கல், அனல்மின் நிலையம், 2001ல் நிலக்கரிக்குன்னே எண்ணூர் துறைமுகம்னு அடுக்கிக்கிட்டே போனாங்க.

"பல தொழில் இருக்கே, அப்புறம் என்ன?"ன்னு கேக்கலாம். பத்து சர்வர் வெச்சாலும் எல்லாத்துக்கும் ஒரே பவர் லைன்னா என்ன பிரயோஜனம்? இங்க அந்த லைன் எண்ணூர் கழிமுகம். 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதினப்பவும் சரி, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தப்பவும் சரி, முதல்ல படுத்தது மீனவன் பிழைப்புதான். ஒரு தொழில் இன்னொண்ணைச் சாப்பிட்டா அதுக்குப் பேரு வளர்ச்சியா?

இங்க தயாராகுற பெட்ரோல், டீசலுக்கு கலால் வரி டெல்லிக்குப் போகுது. ஊருக்குன்னு சட்டப்படி ஒரு பங்கு கிடையாது. கம்பெனிகளோட சிஎஸ்ஆர் பணம் எங்க போகணும்னு முடிவு பண்றது கம்பெனிதான், ஊர் இல்ல. ஆனா சுரங்க மாவட்டங்களுக்கு 2015 சட்டத் திருத்தத்துல வழி பண்ணிட்டாங்க. ராயல்டியோட ஒரு பகுதி மாதிரி தனித் தொகை, மாவட்ட கனிம அறக்கட்டளைக்குப் போகணும். மணலியில சுரங்கம் இல்லை, ஆனா புகை இருக்கே!

ஒரு சின்னக் கணக்கு. மணலி ரிஃபைனரியோட திறன் வருஷத்துக்கு 105 லட்சம் டன். ஒரு டன் தோராயமா 1,150 லிட்டர். முழுத் திறன்ல ஓடினா, லிட்டருக்கு 10 பைசா ஒதுக்கினாலே வருஷத்துக்கு சுமார் 120 கோடி. அதுல கழிமுகத்தைத் தூர் வாரலாம், ஐடிஐ நடத்தலாம், மீன் பதப்படுத்தும் கூடம் கட்டலாம். எங்க செலவு பண்ணணும்னு முடிவெடுக்கற கமிட்டியில மீனவர்களும் உக்காரணும், அது முக்கியம்.

எண்ணெய் தீர்ந்துபோகும்னு பயந்து நார்வே சேர்த்து வெச்சுது. இங்க எண்ணெய் தீர்றதுக்கு முன்னாடி ஆறு தீர்ந்துடும் போலிருக்கு. உங்க கருத்து என்ன? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: ரிஃபைனரியை மூடணும்னு நான் சொல்லல. பைக்குக்கு பெட்ரோல் போடறவன்தான் நானும் :-)