கண் உண்டு, கண்ணோட்டம் இல்லை!

சீனத்தின் ஆங்சௌ நகரில் உயர்நிலைப்பள்ளி ஒன்று, 2018ஆம் ஆண்டில் வகுப்பறையிலேயே படக்கருவிகளைப் பொருத்திற்று. 30 நொடிக்கு ஒருமுறை அவை மாணாக்கரைத் துருவின. படித்தல், எழுதுதல், கேட்டல், எழுந்து நிற்றல், கையுயர்த்தல், மேசைமேற் சாய்தல் என ஆறு வகையாக அவர்தம் செயல்களைக் கணிப்பொறி பிரித்தது. மகிழ்வா, சினமா, அச்சமா என முகத்தைக் கொண்டே முடிவும் கட்டிற்று!

மேசைமேற் சாய்ந்தான் மாணாக்கன். கருவி கண்டது அவ்வளவே! பசியாற் சாய்ந்தானா? நோயாலா? இரவெல்லாம் தாயின் நோய்ப்படுக்கையருகே விழித்திருந்த களைப்பாலா? ஆசானோ அருகே சென்று, தோள்தொட்டு வினவுவான். அதுவன்றோ கண்ணோட்டம்!

கருவிக்கு அஞ்சும் பிள்ளை கற்கமாட்டான். கற்பதுபோல் நடிக்கவே கற்பான்.

"நாற்பதின்மரையும் ஓர் ஆசான் காண இயலுமா?" என்பார் உளர். இயலாதெனின் ஆசிரியரைக் கூட்டுங்கள், காவற்கண்களைக் கூட்டாதீர்கள்!

மருத்துவம், பாதுகாப்பு நீங்கலாக, கல்விக்கூடங்களில் முகங்கண்டு உணர்ச்சியை உய்த்தறியும் பொறிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்பிரவரி 2 முதல் தடுத்துவிட்டது. நன்று! ஏனைய நாடுகளும் விழிக்கட்டும்.

பிள்ளையின் முகம் ஆசான் படிக்க வேண்டிய ஏடு. பொறி விற்போர் எழுதும் கணக்கன்று!