கடன்கார கலெக்டர்கள்!

'குடிக்கிறேனா? சீட்டாடுகிறேனா? ரேஸுக்குப் போகிறேனா? ஏதோ நாலு பழைய காசு சேர்க்கிறேன். அதுவும் தப்பா?'

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கத்து வீடுகளில் மாதக் கடைசியில் கேட்கும் கேள்வி இது. கேட்கிறவர் குரலில் ஒரு தியாகியின் சாயல் இருக்கும். எதிரே நிற்கும் மனைவிக்குச் சட்டென்று பதில் வராது. குடிகாரனை அளவுகோலாக வைத்தால் எந்தப் புருஷன்தான் உத்தமன் இல்லை?

அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன். காசு சேர்ப்பது தப்பில்லை, சார். கடன் வாங்கிக் காசு சேர்ப்பது தப்பு. அந்தக் கடனுக்கு 'முதலீடு' என்று பெயர் வைப்பது அதைவிடப் பெரிய தப்பு.

உடனே என்னைப் பொழுதுபோக்கின் எதிரி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வால்வு ரேடியோ, கிராமபோன், கேமரா, கைக்கடிகாரம், ஓட்டைக் காலணா என்று தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு, மெட்ராஸின் பழைய சாமான் பைத்தியங்களுக்கு இன்றும் மிச்சமிருக்கும் சில புகலிடங்களில் இதுவும் ஒன்று. பாக்கெட்டில் முந்நூறு ரூபாயோடு வந்து, இரண்டு மணி நேரம் குந்தி உட்கார்ந்து பேரம் பேசி, ஒரே ஒரு காசோடு மின்சார ரயிலேறிப் போகிறவர் மகா சந்தோஷமான மனிதர். அவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

சேகரிப்பாளர்களால் நாட்டுக்கு நன்மையும் உண்டு. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி, 'பெருவழுதி' என்று பெயர் பொறித்த பாண்டியர் நாணயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சங்க காலத்துத் தமிழ் மன்னர்கள் சொந்தமாக நாணயம் அடித்தார்கள் என்பதற்கு அது அசைக்க முடியாத சாட்சி. காசைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள் இல்லையென்றால் இதெல்லாம் பாத்திரக் கடையில் உருகிப் போயிருக்கும்.

என் சண்டை வேறு ஆளோடு. சந்தை இப்போது கைக்குள் வந்துவிட்டது. ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஏலம். 'இன்னும் ரெண்டு நிமிஷம்தான்... வேற யாராவது?' தாத்தா காலத்து நாணயமாக இருக்கலாம், எச்.எம்.டி. வாட்சாக இருக்கலாம், விரல் நீள பொம்மைக் காராகவும் இருக்கலாம். எதுவானாலும் படுக்கையில் சாய்ந்தபடி கட்டைவிரலால் வாங்கிவிடலாம். கையில் பணம் இல்லையா? கிரெடிட் கார்டு இருக்கிறதே! அது நிரம்பிவிட்டதா? 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' இருக்கிறதே!

இந்த 'நோ காஸ்ட்' சமாசாரத்தை முதலில் பார்ப்போம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. 'ஜீரோ பர்சன்ட்' விளம்பரங்களுக்கு அப்போதுதான் கடிவாளம் விழுந்தது. அதற்குப் பிறகு பெயர் மாறியதே தவிர, வட்டி எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடிக்குள் அது ஒளிந்துகொண்டது. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. வேறு.

அடுத்தது கார்டு. இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு பொருளைத் தேய்த்து வாங்குகிறீர்கள். பில் வருகிறது. முழுசாகக் கட்ட முடியாமல் 'மினிமம்' கட்டுகிறீர்கள். அது பாக்கியில் 5 சதவிகிதம், அதாவது ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவிகிதத்தைத் தொடுகிறது. ஆக, வட்டி 700. அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 126. நீங்கள் கட்டிய ஆயிரத்தில் 826 ரூபாய் ஆவியாகிவிட்டது. கடன் குறைந்தது வெறும் 174 ரூபாய்! இதில் இன்னொரு வேடிக்கை. பாக்கி வைத்துவிட்டால், அடுத்து அதே கார்டில் வாங்கும் மளிகைச் சாமானுக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். உங்கள் விக்டோரியா ராணி நாணயத்துக்காக வீட்டுத் துவரம்பருப்பு வட்டி கட்டுகிறது.

கார்டு வட்டி 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

'வட்டி போனால் போகட்டும் சார், பொருள் விலை ஏறுதே!'

வாங்க. இதற்காகத்தான் காத்திருந்தேன். பி.காம். முதல் வருஷத்திலேயே ஒரு பாலபாடம் சொல்லித் தருவார்கள். வரப்போகிற நஷ்டத்தை இன்றைக்கே கணக்கில் எழுது, வரப்போகிற லாபத்தை வந்த பிறகு எழுது. நம்ம கலெக்டர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். வராத லாபத்தை மனசுக்குள் வரவு வைத்துக்கொண்டு, மாதாமாதம் போகிற வட்டியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக மத்திய அரசு ஆயிரம் ரூபாய் நாணயம் ஒன்றை வெளியிட்டது. 2010 என்று ஆண்டு பொறித்தது. அழகான நாணயம். எடை 35 கிராம், அதில் 80 சதவிகிதம் வெள்ளி. அப்படியென்றால் 28 கிராம் வெள்ளியும், மேலே போட்டிருக்கும் ஆயிரம் ரூபாய் என்ற எண்ணும்தான் உங்களுக்கு நிச்சயம். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் இன்னொரு மனிதரின் ஆசையை நம்பிக் கொடுப்பது. தங்கத்துக்குக் காலையில் பேப்பரில் விலை வருகிறது. ஆசைக்கு வருகிறதா? நகையைக் கொண்டுபோய் வைத்தால் வங்கியில் அரை மணியில் பணம். ஸ்டாம்ப் ஆல்பத்தைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வையுங்கள் பார்ப்போம். 'ரொம்ப நல்லா இருக்கு சார்' என்று புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

'காந்தி ஸ்டாம்ப் கோடிக்கணக்கில் போச்சே?' போனது உண்மை. 1948-ன் பத்து ரூபாய் காந்தி ஸ்டாம்ப், 'சர்வீஸ்' என்று மேலே அச்சடித்தது, நாலு சேர்ந்தாற்போல 2017-ல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. ஆனால் அச்சடித்ததே நூறுதான். உங்கள் ஆல்பத்தில் இருப்பது லட்சக்கணக்கில் அச்சடித்தது. மாமரத்தில் காய்க்கும் மாங்காயையும் அருங்காட்சியகத்து வைரத்தையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

ஸ்டாம்ப்பை முதலீடாக்கி ஒரு தேசமே சூடுபட்டிருக்கிறது. ஸ்பெயினில் ஃபோரம் ஃபிலாடெலிகோ, அஃபின்சா என்று இரண்டு நிறுவனங்கள். 'ஸ்டாம்ப் வாங்குங்கள், வங்கியைவிட அதிக லாபத்தோடு நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்' என்றார்கள். புதிதாகச் சேர்ந்தவர் பணத்தில் பழையவருக்கு லாபம் போனது. 2006 மே மாதம் போலீஸ் உள்ளே புகுந்தபோது, மூன்றரை லட்சம் பேருக்கும் மேல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் சாதாரண நடுத்தரக் குடும்பங்கள். ஈமு கோழியைப் பார்த்த நமக்குக் கதை புரியும். கோழிக்குப் பதில் ஸ்டாம்ப், அவ்வளவுதான்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'வைஷ்ணவ தேவி காசு இருக்கா? 786 நோட்டு இருக்கா? பத்து லட்சம்!' என்று வீடியோ சுற்றுகிறது. போன் போட்டால், முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி இந்தக் கூத்து நடந்ததால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே, 'பழைய நோட்டு, நாணய வியாபாரத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, கமிஷன் எதுவும் நாங்கள் கேட்பதில்லை' என்று அறிக்கை விட்டது. இந்த வலையில் விழுகிறவர் யார்? கடனில் கழுத்து வரை நிற்கிறவர்தான். அவருக்குத்தானே நாளைக்கே பத்து லட்சம் வேண்டும்!

விஷயத்தின் மையமே இதுதான். சேகரிக்கிறவரின் ஒரே பலம் பொறுமை. விலை இறங்கும்வரை காத்திருந்து வாங்கலாம், ஏறும்வரை காத்திருந்து விற்கலாம். கடன் அந்தப் பொறுமையைப் பிடுங்கிக்கொள்கிறது. இ.எம்.ஐ. தேதி நெருங்கும்போது உங்களுக்கு அவசரம். அவசரம் யாருக்கோ, அவரிடம் பாதி விலைக்கு வாங்குவதுதான் வியாபாரியின் தொழில். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த அவசரத்தை உண்டாக்கிக்கொண்டது நீங்கள்.

நம்ம தபால் துறையைப் பாருங்கள். ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்கு 'டெபாசிட் அக்கவுன்ட்' வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சம் 200 ரூபாய் முன்கூட்டியே கட்டினால், புது ஸ்டாம்ப்புகள் வர வர அனுப்பிவைத்துக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். பணம் தீர்ந்தால் ஸ்டாம்ப்பும் நின்றது. பணம் முன்னால், பொருள் பின்னால். எந்தச் சேகரிப்புக்கும் இதைவிட நல்ல சட்டம் இல்லை. உங்களுக்கு நீங்களே இப்படி ஒரு கணக்கு ஆரம்பியுங்கள். மாதம் ஐந்நூறோ ஆயிரமோ, வீட்டுச் செலவும் அவசரச் சேமிப்பும் போக மிஞ்சுவதைத் தனியாகப் போடுங்கள். அதில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம். 'இந்தச் சந்தர்ப்பம் திரும்ப வராதே' என்பீர்கள். வரும். வராவிட்டாலும் குடி முழுகாது. ஏலச் சீட்டை அவசரமாகத் தள்ளி எடுத்தோ, மனைவியின் வளையலை அடகு வைத்தோ வாங்கினால்தான் முழுகும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகுதான் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பைக் குடும்பத்தாரிடமிருந்து வாங்கியது. இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தமிழுக்குக் கிடைத்த கொடை. ஆனால் சேர்த்தவர் கையில் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. இவ்வளவு பெரிய சேகரிப்புக்கே விலை அப்போதுதான் வந்தது. உங்கள் சேகரிப்பு உங்கள் மகளின் காலேஜ் ஃபீஸுக்குச் சரியாக ஜூன் மாதம் கை கொடுக்கும் என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறீர்கள்?

கடைசியாக ஒரு பரீட்சை. வாங்கிய விலையை வீட்டில் உரக்கச் சொல்ல முடிகிறதா? சொல்ல முடிந்தால் அது பொழுதுபோக்கு. ஐயாயிரத்துக்கு வாங்கிவிட்டு 'ஐந்நூறுதான்மா' என்று முனகினால், அதற்குப் பெயர் வேறு. அந்தப் பொய்க்கும் வட்டி உண்டு. நீங்கள் போன பிறகு உங்கள் மகன் பீரோவைத் திறந்து அதை எடுப்பான், ஐந்நூறு ரூபாய்க்கு யாருக்காவது கொடுத்துவிடுவான். அவனைத் திட்டாதீர்கள். விலை சொன்னது நீங்கள்தானே?